ராக்ஸ்பரியிலிருந்து ஒரு பஸ்: 1974 நாட்குறிப்பு

1974 செப்டம்பர் 9, திங்கள்

வியாழக்கிழமை பள்ளி திறக்கிறது. பாஸ்டன் நகரில் கறுப்பர்கள் வாழும் எங்கள் ராக்ஸ்பரியில் வீட்டிலிருந்து நடந்தே போய்க்கொண்டிருந்தவள் நான், இந்த வருஷம் பஸ் ஏறி வெள்ளைக்காரர் பகுதியான சௌத் பாஸ்டன் பள்ளிக்குப் போக வேண்டும், நீதிபதி கேரிட்டியின் ஜூன் 21 தீர்ப்பு அப்படி. கறுப்புப் பிள்ளைகளையும் வெள்ளைப் பிள்ளைகளையும் நகரப் பள்ளிக் கமிட்டி வேண்டுமென்றே பிரித்து வைத்திருக்கிறது என்று அவர் எழுதியிருக்கிறார், அதனால் பஸ்ஸில் மாற்றி அனுப்பிக் கலக்கச் சொல்கிறார். பிரித்து வைத்திருப்பதைக் கண்டுபிடிக்க நீதிமன்றம் வேண்டுமா, எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள்.

இன்று தீர்ப்பை ஆதரிக்கும் செனட்டர் எட்வர்ட் கென்னடியையே எதிர்ப்புக் கூட்டம் தக்காளி, முட்டை வீசித் துரத்தியிருக்கிறது. அவர் ஓடி நுழைந்தது அவருடைய அண்ணன், ஜனாதிபதியாக இருந்த ஜான் கென்னடி பெயர் வைத்த கட்டடம், அதன் கண்ணாடியும் உடைந்ததாம். செய்தியைப் பார்த்ததும் அம்மா டிவியை அணைத்துவிட்டார். கென்னடிக்கே இப்படி என்றால் எனக்கு? கேட்கவில்லை, அம்மாவுக்கும் அதே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

செப்டம்பர் 12, வியாழன்

காலையில் பெரிதாக ஒன்றுமில்லை, கத்தல்தான். ரோட்டோரம் நின்ற அம்மாக்கள் கத்தினார்கள் (என் அம்மா வயதுதான், கையில் குழந்தை வேறு), ஒருத்தன் எங்களைக் குரங்கு என்பதுபோல் வாழைப்பழத்தை ஆட்டிக் காட்டினான். வகுப்பில் பாதிக்கு மேல் பெஞ்சுகள் காலி, வெள்ளைப் பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். இவ்வளவு சண்டை போட்டு வந்த பள்ளி எப்படியிருக்கும் என்று ஆசையாகப் பார்த்தால், பெயிண்ட் உரிந்த சுவர், கிழிந்த வரலாற்றுப் புத்தகம். எங்கள் பழைய பள்ளியேதான்! இந்த வெள்ளைக்காரர்களும் ஏழைகள் என்று எனக்கு யாரும் சொல்லவே இல்லை.

திரும்பும்போதுதான் கல் விழுந்தது. முதல் கல் எனக்கு இரண்டு சீட் முன்னால். 'கீழே குனி' என்று யாரோ கத்த எல்லோரும் சீட்டுக்கு நடுவில் குந்திக்கொண்டோம், என் பின்னலுக்குள் கண்ணாடித் தூள், ராத்திரி பாட்டி மடியில் தலையை வைத்துப் பொறுமையாக ஒவ்வொன்றாக எடுத்தார். பாட்டி தெற்கே ஜார்ஜியா மாநிலத்திலிருந்து வந்தவர். "அங்கே 'வெள்ளைக்காரர்களுக்கு மட்டும்' என்று போர்டு மாட்டி வைத்திருப்பான், எந்த வாசலில் நிற்கக்கூடாதென்று பார்த்ததும் தெரியும். இங்கே அது தெரியவே எனக்குப் பல வருஷம் ஆச்சு" என்றார்.

செப்டம்பர் 13

ஜன்னலோரம் யாரும் உட்காரவில்லை. நேற்று வரை அதற்குத்தான் அடிதடி.

அக்டோபர் 9, புதன்

அந்தத் தீர்ப்பு தனக்கு உடன்பாடில்லை என்று ஜனாதிபதி ஃபோர்டு சொல்லிவிட்டார். சட்டத்தை மதியுங்கள் என்றும் சொன்னாராம், ஆனால் நாளை தெருவில் நிற்பவர்கள் எந்தப் பாதியை ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்? நேற்று முன்தினம்தான் சௌத் பாஸ்டனில் ஹைட்டி நாட்டுக் கறுப்பர் ஒருவரைக் காரிலிருந்து இழுத்துப்போட்டு அடித்தார்கள். மனைவியைக் கூட்டிப் போக வந்த மனிதர், இந்தப் பள்ளிச் சண்டைக்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது.

பஸ்ஸில் அனுப்புவதுதான் பிரச்சினை என்று டிவியில் பேசுகிறார்கள். என் அத்தை பிள்ளைகள் எத்தனையோ வருஷமாக பஸ்ஸில்தான் போகிறார்கள், அப்போதெல்லாம் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

டிசம்பர் 11, புதன்

கை இன்னும் நடுங்குகிறது. காலையில் ஒரு கறுப்புப் பையன் ஒரு வெள்ளைப் பையனைக் கத்தியால் குத்திவிட்டான். கொஞ்ச நேரத்தில் வெளியே பெருங்கூட்டம், எங்களை உள்ளேயே வைத்திருந்தார்கள். மணிக்கணக்கில். பிறகு காலி பஸ்களை முன்வாசலுக்கு அனுப்பிக் கூட்டத்தை அந்தப் பக்கம் இழுத்துவிட்டு, எங்களைப் பின்வழியாக வேறு பஸ்களில் ஏற்றினார்கள். ஓடும்போது என் வலது ஷூ கழன்றது, திரும்பி எடுக்கவில்லை.

பாட்டி குத்துப்பட்டவனுக்காகவும் குத்தினவனுக்காகவும் ஜெபம் பண்ணுகிறார். எனக்கு இன்று அவ்வளவு பெரிய மனசு இல்லை.

1975 ஜனவரி 8, புதன்

பள்ளி திறந்தாச்சு. மாணவர்களைவிடப் போலீஸ்காரர்கள் அதிகம், மாடிப்படியில்கூட. வாசலில் மெட்டல் டிடெக்டர். என் பை கத்தியது, உள்ளே தலை வாரும் இரும்புச் சீப்பு! போலீஸ்காரர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, பெட்டியில் போட்டார். அந்தப் பெட்டியில் ஏற்கெனவே ஏழெட்டுச் சீப்பு கிடந்தது.

வேதியியலில் நாங்கள் மூன்று பேர்தான். மிஸ் மூன்று பேருக்கும் முழுப் பாடமும் நடத்தினார், வீட்டுப்பாடமும் கொடுத்தார். அதை இன்னும் தொடவில்லை. நாளைக்கு பிளாஸ்டிக் சீப்பு வாங்க அம்மாவிடம் காசு கேட்க வேண்டும்.