குன்னூர் மழையில் சுருட்டை முடியும் ஆர்கன் எண்ணெயும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மொராக்கோவில் ஒரு மரத்தின் கொட்டையிலிருந்து எடுக்கும் ஆர்கன் எண்ணெயைப் போட்டால் சுருட்டை முடி நேராகாது. பரட்டையும் முழுசாக அடங்கிவிடாது, அதுவும் குன்னூரில், அதுவும் ஐப்பசியில். ஆனாலும் என் அலமாரியில் ஒரு சின்ன பாட்டில் எப்போதும் இருக்கிறது, தீர்ந்தால் மறுபடி வாங்குகிறேன். ஏன் வாங்குகிறாய், எப்படிப் போடுகிறாய், நிஜமாகவே வேலை செய்கிறதா என்று ஆபீஸிலும் பஸ்ஸிலும் பிடித்துக்கொள்கிறவர்கள் அதிகமாகிவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

என் முடி அப்பா வழி முடி. அத்தைகள் எல்லோருக்கும் இதேதான், அடர்த்தி, சுருட்டை, சீப்பைக் கண்டால் சண்டைக்கு நிற்கும் ரகம். கீழே கோவையில் படித்த காலத்தில் இது எனக்குப் பெரிய பிரச்சினையாகத் தெரியவே இல்லை, குளித்துவிட்டு மாடியில் நின்றால் காய்ந்துவிடும், பின்னிவிட்டுப் போய்விடலாம். மலைக்குத் திரும்பி வந்து வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் காலையில் சீவிய தலை பஸ் ஸ்டாண்டுக்குப் போவதற்குள் புஸ்ஸென்று எழும்பி நிற்பது தினசரி வழக்கமானது. ஊட்டிக்கும் கூடலூருக்கும் தென்மேற்குப் பருவமழை என்றால் நமக்கும் கோத்தகிரிக்கும் வடகிழக்கு. அக்டோபர், நவம்பரில் மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். மூன்று நாளானாலும் ஜீன்ஸ் காயாத ஊரில் முடி எங்கே காயும்.

இதற்குக் காரணம் எளிமையானது. முடி காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். முடி என்பது பெரும்பாலும் கெரட்டின் என்ற புரதம். அதன் இழைகளைப் பிடித்துவைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் ஈரம் பட்டால் விட்டுப்போய், உலரும்போது வேறு இடத்தில் பிடித்துக்கொள்ளும். நேரான முடியில் இது அவ்வளவாகத் தெரியாது. சுருட்டையில் ஒவ்வொரு முடியும் ஒவ்வொரு பக்கம் வளைவதால் மொத்தத் தலையும் பரட்டையாகிவிடும். வெந்நீர், ஸ்ட்ரெய்ட்னர், கலரிங் என்று எதனாலாவது முடியின் மேல்தோல் ஏற்கெனவே தேய்ந்திருந்தால் இன்னும் வேகமாகக் குடிக்கும்.

இந்தக் குணத்தை வைத்து ஒருவர் கருவியே செய்திருக்கிறார். ஜெனீவாவைச் சேர்ந்த சொஸ்யூர் என்ற விஞ்ஞானி, மலையேறிப் பனிச் சிகரங்களை ஆராய்ந்தவர், 1783ல் மனிதத் தலைமுடியால் காற்றின் ஈரத்தை அளக்கும் ஹைக்ரோமீட்டரைப் பற்றி எழுதி வெளியிட்டார். வறண்ட காற்றிலிருந்து முழு ஈரக் காற்றுக்கு வரும்போது முடி நூற்றுக்கு இரண்டு, இரண்டரை பங்கு நீளும், அந்த நீட்சியை முள் காட்டும், அவ்வளவுதான் கருவி. இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. முடியில் எண்ணெய்ப் பசை இருந்தால் அளவு சரியாக வராது என்று அவர் முடியைச் சோடாக் கரைசலில் கொதிக்கவைத்துப் பசையை எடுத்த பிறகுதான் கருவியில் கட்டினார். நாம் தினமும் ஷாம்பூ போட்டுப் பசையை எடுத்துவிட்டு மேகத்துக்குள் நடந்து போகிறோம். அவர் கருவியில் ஒரு முடி, நம் தலையில் சுமார் ஒரு லட்சம்.

ஆக, எண்ணெய் செய்யவேண்டிய வேலை ஈரம் உள்ளே போவதைத் தாமதப்படுத்துவதுதான். தடுக்க முடியாது, தாமதப்படுத்தலாம். முடிக்கு ஒரு மெல்லிய ரெயின்கோட் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்குமேல் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

அதற்குத் தேங்காயெண்ணெய் இருக்கிறதே, மொராக்கோவிலிருந்து எதற்கு எண்ணெய் என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. உண்மையில் சில விஷயங்களில் தேங்காயெண்ணெயை அடிக்க ஆளில்லை. அதிலிருக்கும் லாரிக் அமிலம் சின்ன, நேரான மூலக்கூறு என்பதால் முடிக்குள்ளேயே நுழைந்துவிடும், அதனால் குளிக்கும்போது புரதம் கரைந்து போவது குறையும். 2003ல் ரேலே, மோஹிலே என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் மினரல் ஆயில், சூரியகாந்தி எண்ணெய், தேங்காயெண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் தேங்காயெண்ணெய் மட்டும்தான் அந்தப் பலனைத் தந்தது. (அவர்கள் வேலை பார்த்தது மாரிக்கோவில், தேங்காயெண்ணெய் விற்கும் கம்பெனி. இதையும் சேர்த்துத்தான் படிக்கவேண்டும். ஆனாலும் சொன்ன காரணம் சரியான காரணம்.) அதனால் குளிப்பதற்கு முன்னால் என்றால் நான் இன்றும் தேங்காயெண்ணெய்தான்.

குளித்த பிறகு போடுவதற்கு அது சரிப்படவில்லை. முதல் காரணம், மலையில் தேங்காயெண்ணெய் எண்ணெயாகவே இருப்பதில்லை. 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும், இங்கே வருஷத்தில் பாதி நாளுக்குமேல் அதற்குக் கீழேதான். பாட்டிலை வெந்நீர் வாளியில் போட்டு, உருகியதை அவசரமாகத் தேய்த்து, வெளியே போனால் தலையிலேயே மறுபடி இறுகி, முடி கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். ஆர்கன் எண்ணெயில் பெரும்பங்கு ஒலீக், லினோலீக் என்ற, சீக்கிரம் உறையாத கொழுப்பு அமிலங்கள். இங்கத்திக் குளிரிலும் அது சொட்டுச் சொட்டாகவே விழுகிறது. பெரும்பாலும் முடியின் மேலேயே படிந்து நிற்கும், கனமாகவும் இருக்காது. குளித்த பிறகு நமக்கு வேண்டியதும் அதுதானே.

விலை ஏன் அப்படி என்பதற்கும் காரணம் உண்டு. ஆர்கன் மரம் பெரும்பாலும் தென்மேற்கு மொராக்கோவில்தான் வளர்கிறது, அகாதிர், எஸ்ஸவீரா பக்கத்து வறண்ட நிலம். 1998ல் யுனெஸ்கோ அந்தக் காட்டை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது, நம் நீலகிரியும் அதே பட்டியலில் இருக்கிற ஊர்தான். அங்கத்திய அமாஸிக் என்ற பூர்வகுடிப் பெண்கள் அந்தக் கொட்டையைக் கல்லில் வைத்துக் கல்லால் தட்டி ஒவ்வொன்றாக உடைக்கிறார்கள், இரும்பு மாதிரி ஓடு. ஒரு லிட்டர் எண்ணெய்க்கு முப்பது கிலோ பழமாவது வேண்டும் என்பார்கள். பெண்களின் கூட்டுறவுச் சங்கங்கள் 1990களில் உருவானதற்கு ரபாத் பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியை ஸுபைதா ஷர்ரூஃப் பெரிய காரணம். பருப்பை வறுத்து ஆட்டினால் சமையலுக்கு, வறுக்காமல் ஆட்டினால் தலைக்கும் தோலுக்கும். இன்னொரு தகவல், ஆர்கன் நம் இலுப்பையின் சொந்தக்கார மரம், இரண்டும் சப்போட்டா குடும்பம். நாம் இலுப்பை எண்ணெயைக் கோயில் விளக்குக்கு ஊற்றினோம், அவர்கள் ஆர்கனை உலகம் பூராவும் விற்கிறார்கள்.

இவ்வளவு உழைப்பில் வருவது இருநூறு ரூபாய் பாட்டிலில் நிறைய இருக்குமா? இருக்காது. கடையில் ஆர்கன் சீரம் என்று வாங்கும் பாட்டிலைத் திருப்பிப் பின்னால் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். எது அதிகமோ அதைத்தான் முதலில் போடுவார்கள். பெரும்பாலான சீரங்களில் முதலில் வருவது சைக்ளோபென்டாசிலாக்சேன், அடுத்து டைமெத்திகோன் அல்லது டைமெத்திகோனால், இவையெல்லாம் சிலிகோன், முடிமேல் வழவழவென்று படியும் செயற்கைப் பொருள். ஆர்கானியா ஸ்பைனோசா கெர்னல் ஆயில், அதாவது நிஜ ஆர்கன் எண்ணெய், வாசனைக்குப் பக்கத்தில் கடைசி வரியில் உட்கார்ந்திருக்கும். சிலிகோன் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. உண்மையைச் சொன்னால் கொட்டும் மழை மாதத்தில் சுத்தமான ஆர்கனைவிடச் சிலிகோன் சீரம்தான் பரட்டையை நன்றாக அடக்குகிறது, ஈரத்தை அது இன்னும் நன்றாக நிறுத்தும். எது வேலை செய்கிறது என்று தெரிந்து காசு கொடுங்கள், அவ்வளவுதான். சீரம் வேண்டுமென்றால் மலிவான சீரமே போதும், முன்னால் ஆர்கன் படம் போட்டிருப்பதற்காக இரண்டு மடங்கு விலை கொடுக்கத் தேவையில்லை. எண்ணெய்தான் வேண்டுமென்றால் பின்னால் அந்த ஒரே ஒரு பெயர் மட்டும் இருக்கும் பாட்டிலை வாங்குங்கள். தூக்கலான சென்ட் வாசனை அடித்தால் அது வெறும் எண்ணெய் இல்லை.

சரி, எப்படிப் போடுவது. உச்சந்தலையில் வேண்டாம். பொடுகுக்குக் காரணமான மலாசீசியா என்ற பூஞ்சை தலைத்தோலின் கொழுப்பைத் தின்று ஒலீக் அமிலத்தை விட்டுவைக்கும், பொடுகு வரக்கூடியவர்களுக்குச் செதில் உதிர்வது அதனால்தான். ஆர்கனிலேயே ஒலீக் அமிலம் கிட்டத்தட்டப் பாதி. தொப்பியும் மஃப்ளருமாகத் திரியும் நமக்குப் பொடுகு ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது. காதுக்குக் கீழிருந்து நுனி வரைக்கும்தான் ஆர்கன்.

எப்போது என்பதுதான் எவ்வளவு என்பதைவிட முக்கியம். முடி காய்ந்து பரட்டையான பிறகு எண்ணெயைத் தடவினால் எண்ணெய் வடியும் பரட்டைதான் கிடைக்கும். நான் கண்டிஷனர் இருக்கும்போதே அகலப்பல் சீப்பால் சிக்கெடுத்துவிடுவேன், வெளியே வந்து துண்டால் அடித்துத் துவட்டாமல் அப்பாவின் பழைய வேட்டித் துணியால் பிழிந்து ஒற்றியெடுப்பேன். டர்க்கி டவல் முடியைத் தேய்த்தே கிளப்பிவிடும். தண்ணீர் சொட்டாமல், ஆனால் ஈரம் இருக்கும்போதே, இரண்டு மூன்று சொட்டை உள்ளங்கையில் விட்டு இரண்டு கையையும் நன்றாகத் தேய்த்து, கை பளபளவென்று மட்டும் இருக்கும் நிலையில் முடியைக் கீழிருந்து மேலாகக் கசக்கிவிடுவேன். அப்புறம் தொடவே கூடாது. இந்தத் தொடாமல் இருப்பதுதான் கஷ்டம். காயும் வரைக்கும் விரல் போகாமல் இருந்தால் சுருள் சுருளாக நிற்கும், நடுவில் ஒருமுறை கோதினாலும் போச்சு. வெயில் இல்லாத நாளில் டிரையரைக் குறைந்த சூட்டில் தூரத்தில் பிடிப்பேன். அம்மா சாம்பிராணிப் புகை போடுவார், வாசனைக்காக நானும் வேண்டாம் என்று சொல்வதில்லை.

டிசம்பர், ஜனவரி வேறு கதை. உறைபனி விழும் ராத்திரிகள், பகலில் வெயில், காற்றில் ஈரமே இருக்காது. அப்போது முடி நிற்பது மின்னேற்றத்தால், கம்பளிக் குல்லாவைக் கழற்றும்போது சடசடவென்று சத்தம் கேட்குமே அது. இந்த மாதங்களில்தான் ஆர்கன் எண்ணெய் தன் காசுக்கு உழைக்கிறது, காய்ந்த முடியிலேயே ஒரே ஒரு சொட்டு போதும், சிலிகோன் தேவையே படுவதில்லை. குல்லாவின் உள்பக்கம் பழைய பட்டு ஜாக்கெட் துணியைத் தைத்துக்கொண்டேன். எந்த எண்ணெயும் செய்யாத வேலையை அது செய்கிறது. டெய்லர் அக்கா சிரித்தார், இப்போது அவர் பெண்ணுக்கும் ஒன்று தைத்திருக்கிறார்.

பார்லரில் ஆர்கன் ட்ரீட்மென்ட் என்று சொல்வது பற்றி. அந்தப் பெயரில் இரண்டு விதம் நடக்கிறது. ஒன்று எண்ணெயோ க்ரீமோ தடவி ஆவி பிடித்துக் கழுவிவிடுவது, நல்லதுதான், ஒரு வாரம் பளபளப்பு, வீட்டிலேயே செய்துகொள்ளலாம். இன்னொன்று க்ரீம் தடவிச் சூடுவைத்து முடியை நேராக்கும் ஸ்மூத்தனிங், மாதக்கணக்கில் நிற்கும் என்பார்கள். எந்த எண்ணெயும் மாதக்கணக்கில் நிற்காது, நிற்கிறதென்றால் உள்ளே வேறு ரசாயனம் இருக்கிறது. கீழே ஒரு பார்லரில் எனக்கு இதைப் போட உட்கார வைத்தார்கள், ஸ்ட்ரெய்ட்னரை வைத்ததும் கிளம்பிய புகையில் எனக்கும் பக்கத்து நாற்காலிக்காரருக்கும் கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. பாட்டிலைக் காட்டச் சொன்னேன், காட்டவில்லை, எழுந்து வந்துவிட்டேன். இந்த வகைக் க்ரீம்கள் பலவற்றில் சூடுபட்டால் ஃபார்மால்டிஹைடு வரும், அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதியானது. அது இல்லாத க்ரீம் என்று விற்பவற்றில் பல கிளையாக்சிலிக் அமிலம். 2024ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் ஒரு இளம்பெண்ணைப் பற்றி மருத்துவர்கள் எழுதியிருந்தார்கள், மூன்று தடவை முடி நேராக்கியிருக்கிறார், மூன்று தடவையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கிறது, க்ரீமில் இருந்தது இந்த அமிலம். கல்யாணத்துக்கு முன்னால் செய்துகொள்ளப் போகிற தங்கச்சிகளே, பாட்டிலைப் பார்க்காமல் தலையைக் கொடுக்காதீர்கள்.

கடைசியாக பாட்டில் விஷயம். பெரிய பாட்டில் வாங்கவேண்டாம், 30 மில்லி எனக்கு மாதக்கணக்கில் வருகிறது. பழுப்புக் கண்ணாடி பாட்டிலாகப் பார்த்து வாங்கி ஜன்னலோரம் வைக்காமல் இருந்தால் சீக்கிரம் சிக்கு வாடை வராது, வந்துவிட்டால் தூக்கிப் போட்டுவிடுங்கள். என் பாட்டில் இப்போது முன்பைவிட வேகமாகத் தீர்கிறது, தம்பி தாடிக்குப் போட ஆரம்பித்திருக்கிறான். தாடிக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இரண்டு சொட்டு என்று சொன்னால் அவன் கேட்பதில்லை. அடுத்ததை அவன்தான் வாங்கித் தரவேண்டும் என்று சொல்லியாயிற்று.