ஒட்டி வந்த பாலிப்: ஒருவழியாகப் பிளக்கில் நின்றுவிட்டது

என் வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில், பிளக் என்கிற சின்ன வில்லைகளில் இந்த முறை ஒட்டிய ஸோவாந்தஸ் துண்டுகள் எல்லாமே நிற்கின்றன. ஸோவாந்தஸ் என்பது பூப்போல விரியும் குட்டிக் குட்டிப் பாலிப்கள் கூட்டமாக வாழும், பவளத்தின் உறவினம். தண்ணீரைச் சுழற்றும் பவர்ஹெட் மோட்டாரை முழு வேகத்தில் ஓட விட்டும் ஒன்றுகூடக் கழன்று மணலில் விழவில்லை. காலையில் நீல விளக்கு எரிந்ததும் ஓரம் பச்சையாக மின்ன விரிந்துவிடுகின்றன. கடலே இல்லாத சேலத்தில் இதைப் பார்ப்பதில் எனக்குப் பெருமைதான்.

இது வாங்கியதில்லை. சென்னை நண்பர் கொடுத்த மஷ்ரூம் பவளத்தின் அடிக்கல்லில், நிழல் பக்கமாக ஒட்டிக்கொண்டு வந்தது. என் டேங்கில் இருப்பதெல்லாம் செயற்கைப் பாறை. கடலிலிருந்து பெயர்த்த கல் பக்கம் நான் போவதே இல்லை. கல் பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் இருப்பவை. பவளக் கல்லை வெட்டியெடுத்ததில் மன்னார் வளைகுடா பட்ட பாடு போதும்.

பழுப்பு நிறம், அரை சென்டிமீட்டர் அகலம். பார்த்ததும், தொட்டியில் களைபோலப் பரவும் கடல் சாமந்தியான ஐப்டேசியாவோ என்று பயம். அதை வெட்டினால் தொலைந்தோம், அடிப்பாதத்தின் துணுக்கு ஒன்று மிஞ்சினாலும் தனியாக முளைத்துவிடும். அதனால் இன்னதென்று தெரியும்வரை கத்தியைத் தொடவில்லை. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் மாமாவிடம் பத்து மடங்கு லென்ஸ் வாங்கி வந்தேன். கல்லைத் தொட்டித் தண்ணீரோடு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் எல்லாம் தெளிவு. ஓரத்தில் மட்டும் குட்டைக் குட்டையான கைகள், இரண்டு வரிசை. நடுவில் கீறல் மாதிரி வாய். அடியில் ஒன்றோடொன்று ஒரே சதைப் பாயில் இணைந்திருந்தன. எட்டுக் கைகளும் இறகு அமைப்பும் இல்லை, ஆகவே குளோவ் பாலிப் இல்லை. தண்டில் மணல் துகள் பதிந்திருக்கவில்லை, ஆகவே ஸோவாந்தஸின் நெருங்கிய உறவான பாலிதோவாவும் இல்லை. ஸோவாந்தஸ்தான்.

ஆனாலும் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் யாரும் வெட்டாதீர்கள். பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு இந்தக் குடும்பத்தில் யாரிடம் எவ்வளவு இருக்கும் என்று கண்ணால் சொல்ல முடியாது. கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீர் ஊற்றுவது, கொதிக்கவைப்பது எல்லாம் கூடவே கூடாது. அந்த ஆவி ஆளையே ஆஸ்பத்திரியில் தள்ளிவிடும்.

சரி, இப்போது பசை. இத்தனை நாள் என்னைப் படுத்திய விஷயம் இதுதான். சதைப் பாயை பிளேடால் உரித்து ஒட்டினால், அன்று சாயங்காலம் பிடித்தாற்போல இருக்கும். மறுநாள் எண்ணெய் தடவிய கல்லிலிருந்து தோசை வருவது போல முழுசாகக் கிளம்பி வந்துவிடும். வெட்டுப்பட்ட பாலிப் வழவழவென்று கோழையைக் கக்குகிறது. பசை பிடிப்பது அந்தக் கோழையைத்தான், சதையை இல்லை. அதனால் உரிப்பதை விட்டுவிட்டேன். போன் கட்டரால் (எலும்பு வெட்டும் கத்தரி) பாலிப்போடு அடிக்கல்லையும் சில்லாகக் கடித்து எடுக்கிறேன். சில்லின் அடியை டிஷ்யூ பேப்பரால் ஒற்றி ஒற்றி, ஈரம் மினுமினுப்பது நிற்கும்வரை துடைக்க வேண்டும். பிளக்கின் மேல்புறத்தையும் கீறி சொரசொரப்பாக்கிக்கொள்ள வேண்டும். பசை சூப்பர் குளூ வகைதான், ஆனால் ஜெல்லாகத்தான் இருக்க வேண்டும். பெட்டிக்கடைத் தண்ணிப் பசை ஓடிப்போய் பாலிப்பின் மேலேயே ஏறிவிடும். தண்ணீர் பட்டதும் ஜெல்லின் மேல் ஒரு வெள்ளைத் தோல் படியும். சில்லை அழுத்தி லேசாக ஒரு திருகு திருகினால் அந்தத் தோல் கிழிந்து, உள்ளே இருக்கும் புதுப் பசை கல்லைப் பிடிக்கும். அந்தத் திருகில்தான் எல்லாமே இருக்கிறது.

சில்லைப் பிடிக்க மாமாவின் சாமணத்தைக் கேட்டேன். “பித்தளையா மாமா?” என்றதற்கு, “எவர்சில்வர்தான் மாப்ளே, எடுத்துட்டுப் போ” என்றார். கேட்காமல் எடுத்துவிடக் கூடாது. பித்தளையில் செம்பு உண்டு, செம்பு தண்ணீரில் கலந்தால் பவளம், இறால் எதுவும் மிஞ்சாது.

தொட்டிக்கான கடல் உப்பு இன்னும் சென்னை கொளத்தூரிலிருந்து பார்சலில்தான் வருகிறது. மூட்டை ஈரம் இழுத்துக் கட்டியாகாமல் வர வேண்டுமே என்பது ஒவ்வொரு தடவையும் கவலை. தொட்டித் தண்ணீரின் அடர்த்தி 1.025, வெப்பம் 26 டிகிரி. ஏப்ரல், மே வந்தால் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் நிற்காமல் ஓடி கரன்ட் பில் எகிறும். ஏற்காட்டில் இருக்கும் நண்பன் வீட்டில் வெட்டிய துண்டுகளை வளர்க்க ஒரு சின்ன ஃபிராக் டேங்க் வைக்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அங்கே கோடையில் சில்லர் செலவு மிச்சம், மார்கழிக் குளிருக்கு ஹீட்டர் வேண்டும்.

அதற்கு முன் அந்த மஷ்ரூமையும் பிரிக்க வேண்டும். அதற்குப் பசையே வேண்டாம். உடைந்த கற்கள் போட்ட டப்பாவில் விட்டு மேலே வலை கட்டிவிட்டால் தானே ஒரு கல்லைப் பிடித்துக்கொள்ளும். வலைதான் இன்னும் கிடைக்கவில்லை. கொசுவலையில் துண்டு வெட்டிப் பார்க்கப் போகிறேன்.