ஒரு ஃபேடரை இறக்கியது

அந்த ஃபுட்பால் மேட்ச்சுக்கு டிவி ஆடியோ செய்தபோது நான் கூட்டச் சத்தம் எதையும் சேர்க்கவில்லை. யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன், இங்கேயும் அப்படியே. பழைய மேட்ச்களில் பதிந்துவைத்த ஆரவாரம் லேப்டாப்பில் தயாராக இருந்தது. ஒரு ஃபேடரை, அதாவது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற நெம்பை, ஏற்றினால் போதும், டிவியில் பார்ப்பவருக்குக் காலி ஸ்டேடியம் நிரம்பிவிடும். நான் ஏற்றவில்லை. ஒரே ஒரு ஆளின் குரலை இறக்கினேன், அவ்வளவுதான்.

மேட்ச் முடிந்து கேபிள் சுருட்டிக்கொண்டிருந்தபோது இதையே கொஞ்சம் பெருமையாகச் சொன்னேன். என்னிடம் உதவியாளனாக இருந்த பையன் கேபிளிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டான்: “சேர்த்தாதான் பொய்யா அண்ணா? எடுத்தா பொய் இல்லையா?”

அவனுக்கு அப்போது ஒரு பதில் சொன்னேன். அதன் பிறகு எனக்குள் பல பதில்கள் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

எந்த ஊர், எதிரணி யார் என்பதெல்லாம் வேண்டாம். 2024-இல் இந்திய ஆண்கள் ஃபுட்பால் அணி சொந்த மண்ணில் ஆடிய ஆட்டம். அந்த ஆண்டு முழுக்க இந்தியா ஒரு மேட்ச்கூட ஜெயிக்கவில்லை என்பதால் எதைச் சொன்னாலும் கதை ஏறக்குறைய ஒன்றுதான். குவஹாத்தியில் ஆப்கானிஸ்தானிடம் 1-2. ஹைதராபாத் கச்சிபௌலியில் மொரீஷியஸுடன் 0-0, அந்த நாடு அப்போது உலகத் தரவரிசையில் 179. அதே மைதானத்தில் சிரியாவிடம் 0-3, நவம்பரில் மலேசியாவுடன் 1-1. கொல்கத்தா சால்ட் லேக்கில் ஜூன் 6 அன்று ஏறக்குறைய 59,000 பேர் திரண்டார்கள், உண்மைதான். அது அணியின் நெடுநாள் கேப்டன் சுனில் சேத்ரியின் விடைபெறும் ஆட்டம். குவைத்துடன் 0-0. வந்தவர்கள் ஒரு மனிதரை வழியனுப்ப வந்தார்கள், அணியைப் பார்க்க வந்தார்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அடுத்தடுத்த மாதங்களில் அது தெரிந்துவிட்டது.

ஃபுட்பாலுக்கு ஆடியோ செய்வது எப்படி என்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மைதானத்தின் ஓரமாகச் சுற்றிலும் நீளமான ஷாட்கன் மைக்குகள், சுமார் ஒரு டஜன், உள்பக்கம் பார்த்தபடி நிற்கும். பந்து எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்து ஃபேடரை ஏற்றி மற்றவற்றை இறக்க வேண்டும். தொண்ணூறு நிமிடமும் விரல் பந்தோடு ஓடும். வீட்டில் நீங்கள் கேட்கும் ‘தப்’ என்ற உதைச் சத்தம் அப்படித்தான் வருகிறது. கூட்டத்துக்குத் தனி மைக் உயரத்தில் இருக்கும். ஸ்டேடியம் நிறைந்திருந்தால் இந்த வேலை சுலபம், ஏனென்றால் கூட்டம் எல்லாவற்றையும் மூடிவிடும். ஜெனரேட்டர் இரைச்சல், கோச்சின் கத்தல், லைன்ஸ்மேனிடம் நடக்கும் வாக்குவாதம், கேலரியிலிருந்து வரும் வசை, எல்லாம் அதற்குள் கரைந்துபோகும். கூட்டம் இல்லாவிட்டால் எதுவும் கரையாது. கோவிட் காலத்தில் கோவாவில் பூட்டிய மைதானங்களில் ஐஎஸ்எல், அதாவது கிளப்புகளின் இந்தியன் சூப்பர் லீக், ஆடியபோது இது எல்லோருக்கும் பழகியது. ஆனால் அப்போது ஆட்கள் வரக் கூடாது என்று சட்டம் இருந்தது. இப்போது கதவு திறந்திருக்கிறது.

அந்த ஆள் ஒரு கார்னர் மைக்குக்குப் பின்னால், கீழ் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கத்தில் அவரைச் சுற்றி யாருமே இல்லை. எதிர்ப்பக்கம் ப்ளூ பில்கிரிம்ஸ் என்ற ரசிகர் குழுவின் ஆட்கள் கொஞ்சம் பேர் மேளம் வைத்துக்கொண்டு பாடுபட்டார்கள். 2017-இலிருந்து ஊர் ஊராக அணியின் பின்னால் போகிறவர்கள் அவர்கள், எந்த ஸ்கோருக்கும் வாய் ஓயாது. இவர் அந்த ரகம் இல்லை. பாட்டு இல்லை, கொடி இல்லை. மலையாளத்தில் கத்திக்கொண்டே இருந்தார். எனக்கு அரைகுறையாகப் புரிந்தது. பையன் குமரி மாவட்டக் கடற்கரைக்காரன், தூத்தூர்ப் பக்கம், பிறந்ததிலிருந்து ஃபுட்பாலும் மலையாளமும் காதில் விழுந்து வளர்ந்தவன். அவன் ஹெட்போனைப் பிடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்து எனக்குச் சொன்னான். “பின்னால பாஸ் குடுக்கிறத பாக்கவா நான் லீவு போட்டுட்டு வந்தேன்கிறாரு அண்ணா.” “அந்த விங்கர் ஓடுறான், அவனுக்கு யாராவது ஒருத்தன் பந்தைக் காட்டுங்கடாங்கிறாரு.” பையன் கடைசியில் சொன்னது: “அவரு சொல்றது சரிதான்.”

நாங்கள் உட்கார்ந்து ஒளிபரப்பை நடத்தும் ஓபி வேனில் முதலில் எல்லோருக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது. அப்புறம் கமெண்டேட்டர் ஒருவர் பேச்சை நிறுத்திய இடைவெளியில் அந்தக் குரல் அப்படியே ஒளிபரப்பில் போய்விட்டது. தெளிவாக, பக்கத்து வீட்டில் பேசுவதுபோல. கமெண்டேட்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. டாக்பேக்கில், எங்களுக்குள் பேசிக்கொள்ளும் லைனில், புரொடியூசர் சொன்னார்: “அந்த ஆளை எடுங்க.”

எடுத்தேன். யோசிக்கவே இல்லை. இந்த வேலையில் டாக்பேக்கில் வருவதை யோசிக்கிறவன் அடுத்த மேட்ச்சுக்கு வரமாட்டான்.

அந்த மைக்கை இறக்கியதில் அந்த மூலையின் பந்துச் சத்தமும் போய்விட்டது. சிறிது நேரத்தில் அதே மூலையிலிருந்து இந்தியாவுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. வீரர் ஓடி வந்து உதைத்தார், பந்து பறந்தது, சத்தமே இல்லை. பழைய ஊமைப் படம் மாதிரி. புரொடியூசருக்கு அது தோன்றவே இல்லை. எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது, ஆடியோக்காரனின் எரிச்சல். அந்த எரிச்சலைத்தான் முதலில் மனசாட்சி உறுத்தல் என்று தவறாக எடுத்துக்கொண்டேனோ என்றுகூடச் சில நாள் நினைத்திருக்கிறேன்.

பையனுக்கு அன்று நான் சொன்ன பதில் இது: மிக்ஸ் என்றாலே எடுப்பதுதான். காற்றை எடுக்கிறோம், ஜெனரேட்டரை எடுக்கிறோம், கெட்ட வார்த்தையை எடுக்கிறோம். எல்லாவற்றையும் அப்படியே அனுப்புவதற்கு ஒரு ஆள் எதற்கு, மைக்கை நட்டுவைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாமே.

அவன் சரி என்றான். அப்புறம் செல்போனை எடுத்துக் காட்டினான், சேத்ரியின் 2018 வீடியோ. அவன் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தானாம், ஏறக்குறைய மனப்பாடமாகத் தெரியும். மும்பை அந்தேரியில் ஜூன் 1 அன்று சைனீஸ் தைபேயை இந்தியா 5-0 என்று ஜெயித்தது. சேத்ரி ஹாட்ரிக். பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். மறுநாள் அவர் போனில் பேசிப் பதிவு போட்டார். ஐரோப்பிய கிளப்புகளைப் பார்க்கிறவர்களே, எங்கள் தரம் அந்த அளவுக்கு இல்லை என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் வாருங்கள். எங்களைத் திட்டுங்கள், குறை சொல்லுங்கள், ஸ்டேடியத்துக்கு வந்து அதைச் செய்யுங்கள். இதுதான் சாரம். ஜூன் 4 அன்று கென்யாவுடனான ஆட்டத்துக்கு டிக்கெட் எல்லாம் விற்றுத் தீர்ந்தது. அவருக்கு அது நூறாவது மேட்ச். 3-0.

“இவர் வந்து திட்டினவர்தானே அண்ணா” என்றான்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் பதில் இருந்தது. அவர் இரண்டு மூன்று இடத்தில் கெட்ட வார்த்தை சொன்னார். குடும்பத்தோடு பார்க்கும் சேனல். புகார் வந்தால் என் தலையும் உருளும். இது பொய்யில்லை.

ஆனால் முழு உண்மையும் இல்லை. கொல்கத்தாவில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் கிளப்புகள் மோதும்போது கேலரியில் என்ன பேசுகிறார்கள் என்று வங்காளம் தெரிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்த மைக்கை நாங்கள் ஏற்றுகிறோம். கமெண்டேட்டர் ‘என்ன ஒரு சூழல்!’ என்கிறார். ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து திட்டினால் அது சூழல். அந்தக் கார்னரில் புரொடியூசருக்கு உறுத்தியது வசையா, அல்லது வசை ஒரே தொண்டையிலிருந்து வந்ததா? ஒரு குரல் அவ்வளவு தெளிவாகக் கேட்டால் மீதி இடம் காலி என்று யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். கேமராக்காரர்களும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள். மேளக்காரர்களை மூன்று கோணத்தில் நெருக்கமாகக் காட்டி, எதிர்ப்பக்கத்தை ஃபிரேமுக்குள் வராமல் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களிடம் யாரும் பொய்யா என்று கேட்பதில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

புரொடியூசர் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. வெறிச்சோடிக் கிடக்கிறது என்று காட்டினால் அடுத்த முறை இன்னும் வெறிச்சோடும். ஸ்பான்சர் பார்க்கிறான், சேனல் பார்க்கிறது. 2025-இல் அது எங்கள் அடுப்பையே தொட்டது. லீக்கை நடத்தும் ஒப்பந்தம் முடிகிற நேரத்தில் ஜூலையில் ஐஎஸ்எல் சீசனை நிறுத்திவைத்தார்கள். வணிக உரிமைக்கு டெண்டர் விட்டபோது ஒருவரும் கேட்டு வரவில்லை. தினக்கூலி மாதிரி மேட்ச் மேட்சாகச் சம்பளம் வாங்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அந்தச் செய்தி விளையாட்டுப் பக்கத்துச் செய்தி இல்லை. அக்டோபரில் கோவாவின் மட்காவில் சிங்கப்பூரிடம் 1-2 தோற்று ஆசியக் கோப்பைக் கனவும் முடிந்தது. நவம்பரில் டாக்காவில் பங்களாதேஷிடம் 0-1. 2023-இல் தரவரிசையில் நூறுக்குள் இருந்த அணி 140-ஐத் தாண்டி இறங்கியது. அப்போதெல்லாம் நினைத்தேன், கொஞ்சம் சத்தம் கூட்டிக் காட்டியிருந்தால்தான் என்ன கெட்டுப்போயிருக்கும்?

அடுத்த நாளே வேறு மாதிரி தோன்றும். ஆட்கள் ஏன் வரவில்லை என்பது யாருக்கும் ரகசியம் இல்லை. கோல் அடிக்க ஆள் இல்லாமல் ஓய்வுபெற்ற சேத்ரியையே நாற்பது வயதில் 2025 மார்ச்சில் திரும்பக் கூப்பிட்டார்கள். அணிக்கு நிலையான சொந்த ஊர் கிடையாது. சர்வதேச மேட்ச்களுக்கு ஒதுக்கிய இந்த விண்டோவில் ஒரு நகரம், அடுத்ததில் இன்னொன்று. ஒரு ஊர்க்காரனுக்கு அணியோடு பழக்கம் வருவதற்குள் அணி கிளம்பிவிடும். மேட்ச் வேலைநாள் மாலையில். கொச்சியிலோ கொல்கத்தாவிலோ கிளப்புக்காக உயிரை விடுகிறவன் தேசிய அணிக்கு டிக்கெட் எடுப்பதற்கு ஒரு காரணம் வேண்டும், அதை யாரும் தரவில்லை. இவ்வளவையும் மீறி லீவு போட்டு வந்த ஒருவர், விங்கருக்குப் பந்து கொடு என்கிறார். அதைத்தான் வீட்டில் இருக்கிறவர்கள் கேட்கக் கூடாது என்று நாங்கள் முடிவு செய்தோம். கேட்டிருந்தால் யாராவது ஒருவருக்கு, நாமும் போய் நாலு வார்த்தை திட்டிவிட்டு வரலாம் என்று தோன்றியிருக்குமா? தோன்றியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். ‘ஐயோ பாவம், ஒரே ஆள்’ என்று சேனலை மாற்றியிருப்பார்கள்.

பையன் இப்போது ஊரில் இருக்கிறான். சர்ச் திருவிழாக்களுக்கு சவுண்ட் போடுகிறான். அங்கே எல்லாரும் ஏற்று, ஏற்று என்றுதான் கேட்கிறார்களாம், எடு என்று ஒருத்தரும் சொல்வதில்லையாம். குத்திக்காட்டினானா, சும்மா சொன்னானா தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுபடி கூப்பிட்டால் போவேன். டாக்பேக்கில் எடு என்று வந்தால் எடுப்பேன் என்றுதான் தோன்றுகிறது. ஒன்று மட்டும் மாற்றிக்கொண்டேன். இப்போதெல்லாம் கார்னர் பக்கம் இரண்டு மைக் வைக்கிறேன். ஒன்று வழக்கமான இடத்தில், இன்னொன்று தரையை ஒட்டி, கொடிக்குப் பக்கத்தில். மேலே உள்ளதை இறக்கினாலும் உதைச் சத்தம் போகாது. பையனிடம் சொன்னால், எடுக்கிறதுக்கு வசதி பண்ணிக்கிட்டீங்க என்பான். அவனிடம் இன்னும் சொல்லவில்லை.