மாடியில் வியாழன்

ஜனவரி 8
மேகம். எட்டரை மணி வாக்கில் கொஞ்சம் விலகியது. வியாழனின் நான்கு பெரிய நிலவுகளும் தெரிந்தன. அப்புறம் மூடியது மூடியதுதான்.

ஜனவரி 10
ஆறு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கியை இருட்டும்போதே மாடிக்குக் கொண்டுபோய்விட்டேன். அதன் கண்ணாடி வெளிக்காற்றின் சூட்டுக்கு இறங்க அரை மணியாவது வேண்டும். நங்கநல்லூரில் தை பிறக்கப்போகிற நேரத்திலும் சிமெண்டுத் தளம் பகல் வெயிலை லேசில் விடாது. அதுவரை ஐபீஸில் வியாழன் கொதித்துக்கொண்டே இருக்கும்.

8.05க்கு அயோ என்ற நிலவு வியாழனின் விளிம்பைத் தொட்டது. உள்ளே நுழைந்ததும் சிறிது நேரம் வெள்ளைப் புள்ளி, பிறகு வியாழனின் வெளிச்சத்தில் கரைந்துவிட்டது. முக்கால் மணி கழித்து அதன் நிழல் வந்தது, பேனா முனையால் வைத்த மைப்பொட்டு போல. நிலவைவிட நிழலைப் பார்ப்பதுதான் சுலபம். எதிர்நிலை, அதாவது வானில் சூரியனுக்கு நேர் எதிரே வியாழன் வரும் நாள், தாண்டி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, அதனால்தான் நிழல் பின்தங்கி வருகிறது. எதிர்நிலைக்கு முன்பு என்றால் நிழல் முந்திக்கொள்ளும்.

துணி எடுக்க வந்த கீழ்வீட்டு மாமியும் பார்த்தார். "குரு பார்க்கக் கோடி நன்மைம்பா. நாம குருவைப் பார்த்தா எவ்வளவாம்?" என்றார். நெடுநேரம் ஐபீஸை விடவில்லை.

ஜனவரி 11
அயோவுக்கு ஒரு சுற்று 42½ மணி நேரம். நேற்று முன்னால் கடந்தது, 21 மணி நேரத்தில் பின்னால் போயிருக்க வேண்டும். ஆறரைக்குப் பார்த்தேன், ஆளைக் காணோம். வியாழனின் முதுகுப்புறத்திலிருந்து வெளியே வந்தாலும் உடனே தெரியாது, கோளின் நிழலுக்குள் இருக்கும். 8.10க்கு, விளிம்பைவிட்டுக் கொஞ்சம் தள்ளி, ஒன்றுமில்லாத இருட்டில் மங்கலாக ஒரு பொட்டு. முழு வெளிச்சத்துக்கு வரச் சில நிமிடங்கள் பிடித்தன.

இந்தக் கணம்தான் ஒரு காலத்தில் கடிகாரம். அயோ நிழலைவிட்டு வெளிவருவது கிரீன்விச்சிலும் சென்னையிலும் ஒரே கணத்தில்தான். உள்ளூர் மணிதான் வேறு. அந்த வித்தியாசத்தில் 4 நிமிடத்துக்கு 1 டிகிரி தீர்க்கரேகை. நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த மெட்ராஸ் வானாய்வகத்தில் வானியலாளர் ஜான் கோல்டிங்ஹாம் வியாழனின் நிலவு மறைவுகளைக் கொண்டுதான் சென்னையின் தீர்க்கரேகையைக் கணித்தார். 80 டிகிரிச் சொச்சம். அதாவது கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னே. 1802இல் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி லாம்டன் இதோ இந்தப் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு, அதாவது மற்ற அளவுகளுக்கெல்லாம் அடிப்படையான முதல் கோடு, அளந்து தொடங்கிய நில அளவைக்கும் அந்த ஆய்வகம்தான் ஆதாரப்புள்ளி. லாம்டனைத் தெரிந்த அளவுக்குக் கோல்டிங்ஹாமை இங்கே யாருக்கும் தெரியவில்லை என்பது என் மனக்குறை. ஆய்வகத்தின் கருங்கல் தூண் வானிலை மைய வளாகத்தில் இன்னும் நிற்கிறது.

ஜனவரி 13, போகி
காலையில் எரித்த டயர் வாடை ராத்திரியிலும் போகவில்லை. வியாழன் செம்மண் நிறத்தில் தெரிந்தது. மூடி வைத்துவிட்டேன்.

அயோ நாலு சுற்று முடிக்க ஏழு நாளும் இரண்டு மணி நேரமும் ஆகும். ஆக, 17ஆம் தேதி அதே கடப்பு பத்து மணி வாக்கில். பொங்கலுக்கு வரும் தங்கை பிள்ளைகளை அதுவரை தூங்கவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.