9.99 யூரோ

எட்டாம் வகுப்பில் போன பிப்ரவரியில் ஒரு நாள், 'என் உடையைத் தைத்தது யார்?' என்று பலகையில் எழுதிப்போட்டேன். இங்கிலாந்தில் தொடங்கிய ஓர் இயக்கத்தின் கேள்வி அது. சட்டையைப் புரட்டி, லேபிள் தெரியப் படமெடுத்து, விற்கிற நிறுவனத்திடமே இதைக் கேட்பார்கள். நம் பிள்ளைகளும் கேட்கட்டுமே என்று நினைத்தேன். நான் பாடம் எடுப்பது திருப்பூரில் என்பது அந்த நேரத்துக்கு மறந்துவிட்டது போல.

"எங்கம்மாதானுங்க டீச்சர்!"

முதல் பெஞ்ச். அப்புறம் வகுப்பே கிளம்பிவிட்டது. ஓவர்லாக், பேட்லாக், கட்டிங், செக்கிங், கைமடி என்று வீட்டில் இருப்பவர்கள் பார்க்கிற வேலைகளை அடுக்கினார்கள். பீகாரிலிருந்து வந்த பையன் மட்டும், "துணிக்கு கலர் போட்டது எங்கப்பா" என்றான், கொஞ்சம் பெருமையாகவே. 34 பேரில் 27 பேர் வீட்டில் பனியன் கம்பெனி வேலை. கடல் தாண்டி இருப்பவர்களுக்குப் பதில் தெரியாத கேள்வியை, பதில் வீட்டிலேயே இருக்கிறவர்களிடம் கேட்டிருக்கிறேன்.

சரி, கேள்வி எங்கிருந்து வந்தது என்றாவது சொல்வோம் என்று ராணா பிளாசா கதையைச் சொன்னேன். வங்கதேசத்தின் சாவரில் எட்டு மாடிக் கட்டடம். 2013 ஏப்ரல் 23 அன்று சுவரில் விரிசல் விட்டது. கீழ்த் தளங்களில் இருந்த வங்கியையும் கடைகளையும் மூடிவிட்டார்கள். மேலே தைக்கிறவர்களை மட்டும் மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள். காலையில் கட்டடம் இடிந்து விழுந்தது. 1,100 பேருக்கு மேல் செத்துப் போனார்கள்.

"ஏன் டீச்சர் உள்ள போனாங்க?" என்று ஒருவன் கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒருத்தி, "சம்பளத்துல பிடிச்சிருவாங்கல்ல" என்றாள். பிழைத்தவர்கள் பிற்பாடு சொன்னதும் அதுதான். அதை எந்தப் புத்தகத்திலும் அவள் படித்திருக்க முடியாது.

மறுநாள் முதல் பெஞ்சுக்காரி ஒரு டேக் கொண்டுவந்தாள். அச்சு கோணலாக விழுந்து, கழித்துப் போட்டது. அம்மா பேக்கிங் செக்‌ஷன். 9.99 யூரோ. பிள்ளைகள் யூரோவுக்கு 90 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போட்டார்கள். ஒரு டீ-ஷர்ட் 900 ரூபாய். அம்மாவுக்கு ஒரு ஷிப்டுக்கு 400 சொச்சம். ஒன்றரை ஷிப்ட் பார்த்தாலும் அந்த ஒரு பீஸை வாங்க முடியாது. கப்பல், கடை வாடகை, வரி என்று நடுவில் இருப்பதை எல்லாம் விளக்கினேன். கேட்டுக்கொண்டார்கள். முகம் மட்டும் தெளியவில்லை.

அதன்பிறகு அவர்களாகவே ஓர் அட்டை தயாரித்தார்கள். 'இதைத் தைத்தது எங்கள் அம்மா.' அட்டையோடு அம்மாவை நிறுத்திப் படமெடுக்க வேண்டும் என்பது திட்டம். அங்கேதான் சிக்கல். "முகம் வேண்டாங்க டீச்சர், கம்பெனியில ஏதாச்சும் சொல்லுவாங்க" என்று ஒவ்வொருத்தராகப் பின்வாங்கினார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. பிரச்சாரம் என்று எளிதாகச் சொல்லிவிட்டேன், வேலை போனால் போவது அவர்களுக்கு. கடைசியில் கைகளை மட்டும் எடுத்தோம். நூல் பிசிறு வெட்டுகிற ஒரு கையில் ஆட்காட்டி விரல் காய்த்துப் போயிருந்தது. அட்டையைவிட அதுதான் கண்ணில் படுகிறது.

படங்களோடு, டேக்கில் இருந்த ஜெர்மனி முகவரிக்குக் கடிதம் எழுதினோம். குடிக்கத் தண்ணீர், ஓவர்டைம், பஞ்சப்படி என்று ஏழு கேள்விகள் கேட்டோம். எட்டாவதைச் சேர்க்கச் சொன்னது ஓர் அம்மா: "அங்க இதை எத்தனை நாளைக்குப் போடுவாங்க?"

தபால் நிலையத்துக்கு நான்கு பேரைக் கூட்டிப்போனேன். கவுண்டரில் இருந்தவர் உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஜெர்மனியில யாருப்பா இருக்காங்க உங்களுக்கு?" என்று கேட்டார்.

"ஆளு யாரும் இல்லீங்க சார். அம்மா தச்ச சட்டை இருக்குது."