டெல்நெட்டை மூடிய பிறகே வேலை முடிகிறது

கணினிகளை வலையமைப்பில் இணைக்கும் சுவிட்சில், மறையாக்கம் கொண்ட தொலை இணைப்பான எஸ்.எஸ்.எச். வழியாக உள்நுழைய முடிந்ததும் பணி நிறைவேறிவிட்டதாகப் பலர் எழுந்துவிடுகிறார்கள். புதிய வழியைத் திறப்பதைவிடப் மறையாக்கம் இல்லாத பழைய வழியான டெல்நெட்டை அடைப்பதே முக்கியம் என்பதை இத்துறையில் நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன்.

திறப்பது எளிது. சிஸ்கோ சுவிட்சில் முதலில் ஹோஸ்ட்நேமும் டொமைன் பெயரும் கொடுக்கிறோம். வழக்கமான முறையில் அவ்விரண்டையும் இணைத்தே, மறையாக்கத்துக்குத் தேவையான ஆர்.எஸ்.ஏ. சாவிக்குப் பெயர் அமைகிறது. சாவி 768 பிட்டுக்குக் குறைந்தால் எஸ்.எஸ்.எச். இரண்டாம் பதிப்பு இயங்காது. நான் 2048-க்குக் கீழே இறங்குவதில்லை. பயனர் கணக்கில் 'பாஸ்வேர்டு' என்று போடாமல் 'சீக்ரெட்' என்றே போட வேண்டும், ஏனெனில் முன்னதில் ஏழாம் வகைக் குறியாக்கம் இட்டாலும் அதை நொடியில் அவிழ்த்துவிடலாம்.

அடைக்கும் இடத்தில்தான் கவனம் தவறுகிறது. கான்ஃபிகரேஷனைப் பார்த்தால், தொலைவிலிருந்து உள்நுழையும் வாயில்களான விடிஒய் லைன்கள் 0 முதல் 4 வரை ஒரு பகுதியாகவும், 5 முதல் 15 வரை வேறொரு பகுதியாகவும் தெரியும். முதல் பகுதியில் மட்டும் எஸ்.எஸ்.எச்.சை அனுமதித்து, இரண்டாவதைத் தொடாமல் விட்ட சுவிட்சுகள் என் கைக்கு வந்திருக்கின்றன, சிஸ்கோவின் இயங்குதளமான ஐ.ஓ.எஸ்.சின் பழைய பதிப்புகளில் அந்த மீதி லைன்கள் டெல்நெட்டையும் ஏற்கும். டெல்நெட் உரையாடலை, வலையமைப்புப் போக்குவரத்தைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கில் ஒருமுறை விரித்துப் பார்த்தவருக்கு விளக்கம் தேவையில்லை: கடவுச்சொல் எழுத்து எழுத்தாக அப்படியே கிடக்கும். 1995-இல் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டாட்டு யூலோனென் எஸ்.எஸ்.எச்.சை எழுதத் தூண்டியதும், அங்குள்ள வலையமைப்பில் நடந்த இத்தகைய கடவுச்சொல் திருட்டுதான்.

ஆகவே இரு பகுதிகளிலும் 'டிரான்ஸ்போர்ட் இன்புட் எஸ்.எஸ்.எச்.' கட்டளையையும், நிர்வாகக் கணினிகளின் முகவரிகளை மட்டும் அனுமதிக்கும் ஆக்சஸ் லிஸ்டையும் இடுகிறேன். தொலைவிலிருந்து செய்யும்போது, பத்து நிமிடத்தில் சுவிட்ச் ரீலோட் (மறுதொடக்கம்) ஆகும்படி முன்கூட்டியே அமைத்துவிட்டு, சேமிக்காமலேயே மாற்றங்களைச் செய்வது என் வழக்கம். வெளியே பூட்டப்பட்டாலும் சுவிட்ச் பழைய நிலைக்குத் தானே திரும்பிவிடும். இருக்கும் இணைப்பை மூடாமல், இன்னொரு சன்னலில் எஸ்.எஸ்.எச். உள்ளே விடுகிறதா, டெல்நெட் மறுக்கப்படுகிறதா என்று இரண்டையும் சோதித்த பிறகே ரீலோடை ரத்து செய்து கான்ஃபிகரேஷனைச் சேமிக்கிறேன்.