மே 31-க்குள் 86 பேர்

பன்னிரண்டு வருடமாகக் கணக்குப் பிரிவில் வேலை. பெங்களூரில் வீட்டிலிருந்தபடியே ஏதாவது ஓர் அறக்கட்டளைக்குக் கணக்கு பார்த்துக் கொடுக்கலாம் என்று 2024 ஜனவரியில் தேட ஆரம்பித்தேன். ஒரு பெரிய அமைப்பு விண்ணப்பம், நேர்காணல் எல்லாம் முடித்துவிட்டு ஆறு வாரம் பதிலே தரவில்லை. அப்புறம் நண்பர் மூலமாக, கிராமத்தில் மாலைப் பள்ளி நடத்தும் ஒரு சின்ன அறக்கட்டளை கிடைத்தது. "தம்பி, இந்த 10பிடியை மட்டும் போட்டுக் குடுத்துடுங்க" என்றார் அதை நடத்தும் அக்கா.

அந்த 2024-ல் இருந்த விதிப்படி, 80ஜி பதிவு (நன்கொடை தருபவர்களுக்கு வருமான வரிச்சலுகை கிடைக்கச் செய்யும் பதிவு) உள்ள அறக்கட்டளைகள் முந்தைய நிதியாண்டின் நன்கொடை விவரத்தை மே 31-க்குள் 10பிடி படிவத்தில் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் நாளுக்கு 200 ரூபாய் தாமதக் கட்டணம். தாக்கல் செய்த பிறகு வரும் 10பிஇ என்ற நன்கொடைச் சான்றிதழ் இல்லாவிட்டால், நன்கொடை கொடுத்தவர்களுக்கு வரிச்சலுகையும் கிடைக்காது. கணக்கை இரண்டே இரவில் முடித்துவிட்டேன்.

ஆனால் நன்கொடை கொடுத்த 86 பேரில் 31 பேரின் பான் எண் எங்களிடம் இல்லை. கூகுள் பேயில் அனுப்பியவர்களுக்கு முகவரியும் இல்லை. நானே ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன்; பாதிப் பேர் போனை வைத்துவிட்டார்கள். முகம் தெரியாதவன் பான் கேட்டால் யார் கொடுப்பார்கள்? அவர்கள் செய்ததுதான் சரி. அக்கா பேசியதும் மூன்றே நாளில் எல்லாம் வந்தது. பானே எடுக்காத இரண்டு பேருக்கு ஆதார் எண்ணைப் போட்டோம். பான் என்றால் ஐந்து எழுத்து, நான்கு எண், மறுபடி ஓர் எழுத்து. இதை வைத்துப் பார்த்ததில், 'ஓ' இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம் போட்டிருந்த ஏழு எண்கள் சிக்கின.

மே 27-ல்தான் பெரிய அடி. வருமான வரித் தளத்தின் கடவுச்சொல் பழைய ஆடிட்டரிடம். மாற்றப் போனால் ஓடிபியும் அவர் எண்ணுக்கே போகிறது. அவர் போனை எடுக்கவில்லை. அக்கா வெயிலில் இரண்டு பஸ் மாறி அவர் அலுவலகத்துக்குப் போனால், பூட்டு. அந்த அலைச்சல் எனக்கு இன்னும் உறுத்துகிறது. தளத்தில் யாருடைய எண் இருக்கிறது என்று முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். தூரத்திலிருந்து உதவ நினைப்பவர்கள் தயவுசெய்து இதை முதலில் கேளுங்கள்.

மறுநாள் ஆடிட்டர் கிடைத்தார். தளத்துக்குள் போனதும் முதல் வேலையாக அவர் எண்ணை எடுத்துவிட்டு அக்காவின் எண்ணைப் போட்டோம். 29 இரவு, சிக்னலுக்காக அக்கா மொட்டை மாடியில் நின்று ஓடிபியைப் படிக்க, படிவம் ஏறியது. ஒரு நாள் கழித்து 86 சான்றிதழும் வந்துவிட்டன.

புது ரசீதுப் புத்தகத்தில் பானுக்கும் முகவரிக்கும் கட்டம் போடச் சொன்னேன். ஜூனில் முதல் ரசீதைப் படம் எடுத்து அனுப்பினார் அக்கா. இரண்டு கட்டமும் நிரம்பியிருந்தன.